மான் தின்ற முகம்

என் கணவருக்கு வருடாவருடம் திவசம் நடக்கிறது. சல்லி என்ற மீனவக் கிராமத்தில் ஒரு வீட்டில், படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, வாழையிலையில் படைத்து, ஒரு குறையும் இல்லாமல் நடக்கிறது. அவரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். (ஆள் உயிரோடுதான் இருக்கிறார். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். அது அவருடைய தலையில் இருக்கிறது.) இந்த நிலைமைக்குக் காரணம் நான். என் கூட்டாளி ஒரு மான்.

அந்தக் காலத்தில் திருகோணமலையில் பத்திரிகைக்குப் படம் வரைகிறவள் என்று நான் ஒருத்திதான் இருந்தேன். ஆகவே ஊரிலேயே சிறந்த பத்திரிகை ஓவியர் நான். மிக மோசமான பத்திரிகை ஓவியரும் நானே. உட்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற ஒரு பழைய கட்டடத்தில், கீழே அச்சகமும் மேலே அலுவலகமுமாக எங்கள் வாரப் பத்திரிகை நடந்தது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆசிரியரின் பேரப்பிள்ளைகள் இப்போது பெரிய உத்தியோகங்களில் இருக்கிறார்கள், கோபித்தாலும் கோபிப்பார்கள்.

ஆசிரியர் கிண்ணியாக்காரர், ஹனிபா சேர். நான் அவரிடம் தட்டச்சு வேலை கேட்டுத்தான் போனேன். எனக்குத் தட்டச்சுத் தெரியாது என்பது வேறு விடயம். அவர் என்னை இருத்திவிட்டு வெகுநேரம் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல் கையிலிருந்த விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் அவரை வரைந்தேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டு அதை வாங்கிப் பார்த்தார்.

"டைப் அடிக்கத் தெரியாதெண்டா விடுங்க மகள். இந்த மூக்கு என்ட மூக்குத்தான்" என்றார்.

அப்படித்தான் வேலை கிடைத்தது. எதிரில் இருக்கிற முகத்தை மட்டும்தான் எனக்கு வரைய வரும், நினைத்து வரைய வராது என்பதை அன்றைக்கே இருவரும் விளங்கிக்கொண்டிருக்கலாம். நாங்கள் மூக்கில் மயங்கிவிட்டோம்.

பத்திரிகைக்கு என்னைப் போன்ற ஒருத்தி ஏன் தேவைப்பட்டாள் என்பதையும் சொல்லவேண்டும். புகைப்படம் அச்சிட வேண்டுமென்றால் அதைக் கொழும்புக்கு அனுப்பி, உலோகத்தில் புளொக் என்கிற அச்சுக்கட்டை செய்வித்து, ரயிலில் திருப்பி எடுக்க வேண்டும். ஓர் அமைச்சர் துறைமுகத்தைப் பார்த்துவிட்டுப் போய், அடுத்த அமைச்சரும் வந்து போன பிறகுதான் முதல் அமைச்சரின் முகம் எங்களுக்கு வந்து சேரும். அதனால் நான் லினோவில் படம் செதுக்கினேன். பழைய கடற்படைக் குடியிருப்புகளின் தரையில் ஒட்டியிருந்து, கழற்றி விற்கப்பட்ட லினோலியம் விரிப்பு அது. குடைக்கம்பியைத் தேய்த்துக் கூராக்கினால் அதுதான் உளி. லினோவை வெயிலில் கொஞ்சம் போட்டெடுத்தால் வெண்ணெய்க்கட்டி போல இளகும். செதுக்கி, மை தடவி, எழுத்துகளோடு சேர்த்து அச்சில் பூட்டினால் படம் வந்துவிடும். ஒரேயொரு சங்கடம், எல்லாம் இடம் வலமாக மாறி வரும். அதனால் முதலில் தாளில் வரைந்து, அந்தத் தாளைக் கவிழ்த்துப் படியெடுத்துத்தான் செதுக்குவது வழக்கம்.

என் மேசைக்கு நேரெதிரே ஒப்புநோக்காளரின் மேசை. அச்சுப் பிழை பார்க்கிற அந்த உத்தியோகத்தில் குணரட்ணம் என்றோர் இளைஞர் இருந்தார். மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டார், வாசிக்கும்போது உதடு அசையும். அவருக்குப் பின்னால் பெரிய சன்னல். சன்னல் முழுக்கத் துறைமுகம். மத்தியான வேளைகளில் தண்ணீரின் வெளிச்சம் எழும்பி எங்கள் கூரையில் ஆடிக்கொண்டிருக்கும், அறையே மெல்ல மிதப்பது போலிருக்கும். கோதுமை ஏற்றிய கப்பல் ஒன்று குணரட்ணத்தின் இடது காதுக்குள் நுழைந்து வலது காதால் வெளியே வர ஒரு மத்தியானம் எடுக்கும். நான் அந்தக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். (கப்பலைத்தான் பார்த்தேன் என்று பல வருடங்கள் சாதித்திருக்கிறேன்.)

இப்படிக் கப்பல் பார்த்துப் பார்த்து நான் அந்தப் பத்திரிகைக்கு எத்தனையோ ஆண்களைச் செதுக்கினேன். தொடர்கதையின் வில்லனுக்கு முறுக்கு மீசை. அமைச்சருக்குத் தடித்த கண்ணாடி. கந்தசஷ்டிச் சிறப்பிதழில் முருகனுக்குக் கிரீடம். பலம் தரும் லேகிய விளம்பரத்தில் எருமைக்கடா உடம்போடு ஒரு பயில்வான். மீசையையும் கண்ணாடியையும் கிரீடத்தையும் எடுத்துவிட்டால் அத்தனை பேரும் ஒரே ஆள். எனக்கு அது தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஊரும் கண்டுபிடிக்கவில்லை. அமைச்சரையும் முருகனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்?

அந்நாட்களில் எனக்கு ஓர் ஆசை இருந்தது. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், ஆசிரியர் பெயருக்குக் கீழே, "கலை இயக்குநர்: யோகேஸ்வரி" என்று வரவேண்டும். கொழும்புப் பத்திரிகை ஒன்றில் அந்தப் பதவியைக் கண்டதிலிருந்து நித்திரை வரவில்லை. ஹனிபா சேரிடம் கேட்கும்போதெல்லாம் "பார்ப்பம் மகள், ஒரு பெரிய வேலை வரட்டும்" என்பார்.

பெரிய வேலை சல்லியிலிருந்து வந்தது. அங்கே நாகமணி என்றொரு சம்மாட்டி, சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்திருந்தவர், நெஞ்சு நோவென்று படுத்தவர் எழும்பவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்கு நினைவு மலர் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முன்பக்கத்தில் இறந்தவரின் படம், உள்ளே வாழ்க்கை வரலாறும் தேவாரமும். அதை அச்சிடச் சொல்லி நாகமணியின் தம்பி கனகு வந்திருந்தார். எல்லாம் இருந்தது, படம்தான் இல்லை.

"ஒரு படம்கூடவா எடுக்கேல்ல?" என்று ஹனிபா சேர் கேட்டார்.

"அடையாள அட்டை இருக்கு ஐயா" என்று கனகு அதை மேசையில் வைத்தார். நாகமணி அதைச் சேட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு கடலுக்குப் போய் வந்திருக்கிறார். முகம் இருந்த இடத்தில் உப்புத்தான் இருந்தது. இன்னொரு படமும் இருந்தது. கோயில் திருவிழாக் கூட்டத்தில் எடுத்தது. அதில் நாகமணியின் முகத்துக்கு முன்னால் ஓர் ஐஸ்கிறீம்காரரின் தலை.

"நீங்கள் தம்பிதானே, உங்கட முகத்தைப் பார்த்து வரையலாமோ?" என்று நான் கேட்டேன்.

"நான் அம்மாட சாயல். அண்ணன் அப்பாட சாயல். எங்களைச் சகோதரமெண்டே ஒருத்தரும் சொல்லமாட்டினம்" என்றார் கனகு.

ஆகவே அடுத்த நாள் தாளும் பென்சிலுமாகச் சல்லிக்குப் போனேன். மணலில் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். வள்ளங்கள் கரையில் சரிந்து கிடந்தன. நாகமணியின் மனைவி பாக்கியம் அக்கா சுவரோடு சாய்ந்து இருந்தார். சுற்றிவரச் சொந்தக்காரப் பெண்கள். நான் ஒரு கதிரையில் உட்கார்ந்து, "அவர் எப்படி இருப்பார்?" என்று கேட்டதுதான் தாமதம், ஆளுக்கொரு நாகமணி வந்தார்.

"வட்ட முகம்" என்றார் ஒருத்தி. "எங்க வட்டம்? கொழுக்கட்டை மாதிரி நீட்டு" என்றார் இன்னொருத்தி. நாகமணியின் பெரியம்மா, வெற்றிலை இடித்தபடி, "கண் ரெண்டும் ராசா மாதிரி" என்றார். ராசாவின் கண் எப்படியிருக்கும் என்று கேட்டேன். "அது எனக்கென்னெண்டு தெரியும்? நான் என்ன ராசாவைக் கண்டனானோ?" என்று என்னிடம் கோபித்தார்.

மூன்று விடயங்களில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். மீசையில்லாத மழித்த முகம். பெரிய காது. தூண்டில் கிழித்த தழும்பு ஒன்று, இடது புருவத்தில். மிச்சத்தை நான் வரைவதும் பாக்கியம் அக்கா தலையாட்டுவதும் அழிப்பதுமாகப் பின்னேரம் ஆகிவிட்டது. தாள் அழித்து அழித்துத் துணி போலாகிவிட்டது. ஒரு கட்டத்தில் அவர் தலையாட்டுவதை நிறுத்தினார். தாளை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கிட்ட வந்திட்டார்" என்றார். பிறகு, மடியில் படுத்திருந்த மகளைக் காட்டி, "இவளுக்கு மூண்டு வயசு தங்கச்சி. இப்பவே கொஞ்சம் கொஞ்சமா மறக்கிறாள். நாளைக்கு வளர்ந்து, என்ர அப்பா எப்பிடி இருப்பாரெண்டு கேட்டா நான் எதைக் காட்டுறது? எனக்கு மலரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். இவளுக்குக் காட்ட ஒரு முகம் வேணும்" என்றார்.

சுகந்தி என்ற அந்தப் பிள்ளை எழும்பி, கருவாட்டு உப்புப் படிந்த கையைத் தாளிலிருந்த அப்பாவின் கன்னத்தில் வைத்துப் பார்த்தது. இந்த முகத்தை உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றுவேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த நாள் காலை அதைக் காப்பாற்றிய விதம் இதுதான். லினோ இளக வேண்டுமென்று அச்சக வாசற்படியில் வெயிலில் வைத்தேன். படியெடுக்க வசதியாக இருக்குமென்று பென்சில் படத்தையும் அதன்மேல் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்லை வைத்துவிட்டு மேலே போனேன். கொஞ்ச நேரம்தான். ஆனால் அன்றைக்கு ஒரு நீலக் கப்பல் வந்திருந்தது. அது குணரட்ணத்தின் இடது காதுக்குள் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தது.

திருகோணமலைக்கு வந்தவர்களுக்கு எங்கள் மான்களைத் தெரிந்திருக்கும். கோட்டைக்குள் இருப்பவை சந்தைக்கு வரும், பஸ் நிலையத்தில் நிற்கும், சுவரொட்டியை உரித்துத் தின்னும். உப்பென்றால் அவற்றுக்கு உயிர்.

குணரட்ணம் திரும்பிச் சன்னலால் கீழே பார்த்தார். "மான் ஒண்டு பேப்பர் தின்னுது" என்றார். "எங்கட பேப்பரை இவ்வளவு ஆசையா வேற ஒருத்தரும் பாக்கேல்ல." சொல்லிவிட்டு மறுபடி பிழை பார்க்கத் தொடங்கினார்.

நானும் சிரித்தேன். கப்பல் மற்றக் காதால் வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. படியில் பாய்ந்து இறங்கினேன். மான் என்னை நிமிர்ந்து பார்த்தது. அதன் வாயில் நாகமணியின் தாடை அசைந்துகொண்டிருந்தது. கல்லுக்குக் கீழே ஒரு காது மட்டும் மிச்சமிருந்தது.

திரும்பவும் சல்லிக்குப் போய், "அக்கா, உங்கட மனுசனை மான் திண்டிட்டுது" என்று எப்படிச் சொல்வது? அந்தக் கைகள் தாளைப் பிடித்த விதம் கண்ணுக்குள்ளேயே நின்றது. எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு பின்னேரம் முழுவதும் பார்த்து வரைந்த முகம்தானே, மனதில் இருக்கும் என்று என்னை நானே ஏமாற்றினேன். படியெடுக்கத் தாள் இல்லை. லினோவிலேயே நேரடியாக வரைந்து செதுக்கத் தொடங்கினேன்.

கண்ணை மூடினேன், மழித்த முகம், பெரிய காது, புருவத் தழும்பு. கண்ணைத் திறந்தேன், கை தன்பாட்டுக்குப் போனது. அப்படி ஒருநாளும் போனதில்லை. கூரையில் தண்ணீர் வெளிச்சம் ஆடியது, கீழே அச்சியந்திரம் தூங்குகிற ஆளைப்போல ஒரே சீராக மூச்சுவிட்டது, குடைக்கம்பிக்கு முன்னால் லினோ சுருள் சுருளாக எழும்பி விழுந்தது. கண்ணோரத்தில் சுருக்கங்கள் போட்டேன். தலையை நரைக்க வைத்தேன். இவ்வளவு அமைதியான முகத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. மீசையில்லை, கண்ணாடியில்லை, கிரீடமில்லை. என் வாழ்நாளில் ஓர் ஆணை எந்த ஒளிப்பும் இல்லாமல் செதுக்கியது அதுதான் முதல் தடவை.

அச்சில் வந்த பிறகுதான் ஒரு பிழை தெரிந்தது. கவிழ்த்துப் படியெடுக்காததால் இடது புருவத் தழும்பு வலது புருவத்துக்குப் போயிருந்தது. மாற்ற நேரமில்லை. தழும்பையா பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

முன்பக்கத்தைக் குணரட்ணத்திடம் கொடுத்தேன். பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தார். "பேர் சரி" என்றார்.

"படம்?"

"படத்தில எழுத்துப் பிழை வராதுதானே" என்றார். பிறகு கொஞ்சம் எட்டப் பிடித்துப் பார்த்து, "நல்ல மனுசன் போல. எங்கயோ கண்ட முகம் மாதிரிக் கிடக்கு" என்றார்.

பெரிதாக மாலை போட்டு வைப்பதற்காக ஒரு படத்தைத் தடித்த அட்டையில் அச்சடித்து, காகிதத்தில் சுற்றிக் கனகுவிடம் முதல் நாளே கொடுத்தனுப்பினோம். மலர்ப் பக்கங்களைச் சேர்த்துக் கம்பிப் பின் அடிக்கிற வேலை மிச்சமிருந்தது. அதை முடித்துக் காலையில் குணரட்ணம் சைக்கிளில் கொண்டுவருவதாக ஏற்பாடு. முப்பத்தோராம் நாள் நானும் ஹனிபா சேரும் முன்னதாகவே சல்லிக்குப் போய்விட்டோம். சேர் புதுச் சாரமும் தொப்பியுமாகப் பந்தலின் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். "இண்டைக்கு நல்லபடியா முடியட்டும் மகள், கடைசிப் பக்கத்தில உங்கட பேரைப் போட்டுருவம்" என்று காதில் சொல்லியிருந்தார். நான் பெண்கள் பக்கத்தில், நாகமணியின் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

பந்தலின் நடுவில் படம். பெரிய மாலை, குத்துவிளக்கு, சாம்பிராணிப் புகை. புகைக்குள்ளிருந்து அந்த முகம் எங்களைச் சாந்தமாகப் பார்த்தது. வந்தவர்கள் பார்த்துவிட்டுத் தலையைச் சரித்தார்கள், மறுபக்கம் சரித்தார்கள், போய்க் கதிரையில் இருந்தார்கள். செத்த வீட்டில் முகம் சரியில்லை என்று யார் சொல்வார்கள்? "கடைசி நாளில மெலிஞ்சு போனாரோ" என்று ஒருவர் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. அப்போதும் எனக்கு விளங்கவில்லை என்றால் நம்புவீர்களா?

இதற்கிடையில் உப்புவெளியில் குணரட்ணத்தின் சைக்கிள் ரியூப் வெடித்துவிட்டது. மலர்க்கட்டோடு வீதியில் நின்றவரை, நிலாவெளிப் பேக்கரிகளுக்குக் கோதுமை மா ஏற்றிப்போன லொறி ஒன்று ஏற்றிக்கொண்டது. முன்னால் இடமில்லை. மா மூட்டைகளின் மேல் இருந்து வந்திருக்கிறார்.

ஐயர் மணியடித்துக்கொண்டிருந்தார். பந்தல் வாசலில் குணரட்ணம் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு. தலை வெள்ளை, புருவம் வெள்ளை. கன்னத்து மாவில் வியர்வை ஓடிக் கோடு கோடாகச் சுருக்கம் விழுந்திருந்தது. மலரைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று கனகு சொல்லியிருந்தார். குணரட்ணம் சொன்னதைச் செய்கிற மனிதர். நேரே நடந்து போய், குனிந்து கட்டை வைத்து, நிமிர்ந்து, எங்கள் பக்கம் திரும்பினார். படம் அவருடைய தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

"எல்லாரும் ஒவ்வொண்டு எடுங்கோ" என்றார் மெல்லிய குரலில்.

மணி நின்றது. பெரியம்மா, "ஐயோ, என்ர நாகமணி!" என்று ஒரு சத்தம் போட்டு என் மடியில் சரிந்தார். ஒருவர் கதிரையோடு பின்னால் விழுந்தார். கனகு பாய்ந்து போய்க் குணரட்ணத்தின் சேட்டைப் பிடித்தார். மா புகையாக எழும்பியது.

"எங்கட அண்ணனை வச்சுப் பகிடியோ பண்ணுறியள்?" என்று கத்தினார்.

பாவம் அந்த மனிதர், முகம் வெளிறி (மாவுக்குள்ளும் அது தெரிந்தது), "எழுத்துப் பிழையோ? எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

கனகு படத்தைக் காட்டினார். குணரட்ணம் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அத்தனை சனத்துக்குள்ளும் நேராக என்னைப் பார்த்தார். அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. வில்லன், அமைச்சர், முருகன், பயில்வான் எல்லாரும் வரிசையாக மீசையையும் கண்ணாடியையும் கிரீடத்தையும் கழற்றிவிட்டு என் முன்னால் வந்து நின்றார்கள். ஓடிப்போய்க் கடலில் விழலாம் என்று பார்த்தால் பெரியம்மா மடியில் கிடக்கிறார்.

ஹனிபா சேர் எழும்பினார். "என்ன மகள் இது?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். வாயில் உண்மைதான் வந்தது. "முதல் வரைஞ்சதை மான் திண்டிட்டுது சேர். பேந்து நினைவில இருந்து செதுக்கினனான். எனக்கு... எனக்கு வேற முகம் வராது சேர். நிமிர்ந்தா அவர்தான் தெரியிறார்."

ஐயர் உட்பட அவ்வளவு பேரும் இதைக் கேட்டார்கள். யாரோ ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்தினார். என் மடியில் மயங்கிக் கிடந்த பெரியம்மா ஒரு கண்ணைத் திறந்து, "ஆரைச் சொல்லுறாய் பிள்ளை?" என்று விசாரித்தார்.

அப்போது உள்ளேயிருந்து பாக்கியம் அக்கா வந்தார். இடுப்பில் சுகந்தி. சனம் வழிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கலை இயக்குநர் பதவி, மானம், கல்யாணம் எல்லாம் மறந்துபோய், "அக்கா, உங்கட பிள்ளைக்கு நான் முகத்தைத் தரேல்ல" என்று மட்டும் சொன்னேன்.

அவர் படத்தைப் பார்த்தார். மாவில் குளித்து நின்ற ஆளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். முதலில் சின்னதாக, பிறகு அடக்க முடியாமல், கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அந்த வீட்டில் ஒரு மாதமாகக் கேட்காத சத்தம் அது.

"நேற்றுச் சுற்றின பேப்பரைப் பிரிக்கேக்கையே தெரியும், இது அவரில்லையெண்டு" என்றார். "கனகு, சேட்டை விடு. நான்தான் ஒண்டும் சொல்லாமல் மாலை போட்டனான். உங்கட அண்ணன் எப்பிடிப்பட்ட கோவக்காரன் எண்டு தெரியும்தானே? அவர் ஒருநாளாவது இப்பிடிப் பார்த்தவரோ? இது நல்ல முகம். ஆரோ ஆசையாப் பார்த்துப் பார்த்துச் செய்த முகமெண்டு நினைச்சன். என்ர பிள்ளை பயப்பிடாமல் பாக்கும். இதுவே இருக்கட்டும்."

சுகந்தி கையை நீட்டிக் குணரட்ணத்தின் கன்னத்து மாவைத் தொட்டாள். பிறகு படத்தின் கன்னத்தையும் தொட்டாள். "இவர் ஏசமாட்டாரோ?" என்று தாயைக் கேட்டாள்.

"ஏசமாட்டன்" என்றார் குணரட்ணம்.

அவரை முன்வரிசையில் இருத்தி, மாலை போட்ட அந்தப் படத்துக்கு எதிரிலேயே அவருக்கு இலை போட்டார்கள். சாப்பிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பி வரும்போது வான் வண்டியில் ஹனிபா சேர் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்து, உப்புவெளி வரை வெளியே பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தபடி வந்தார்.

அடுத்த வாரம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் "கலை இயக்குநர்: யோகேஸ்வரி" என்று வந்தது. கூடவே என் மேசையைத் திருப்பிப் போட்டார்கள். இனி எனக்கு எதிரே தலைமை அச்சுக்கோப்பாளர் இருந்தார். முன்பல் இரண்டும் வெளியே நிற்கிற, தங்கமான மனிதர். அதன் பிறகு வந்த அமைச்சர்களுக்கும் கதாநாயகர்களுக்கும் முன்பல் வெளியே நின்றதற்குக் காரணம் அதுதான். வைகுண்ட ஏகாதசி இதழில் விஷ்ணுவுக்கும் நின்றது, அதற்கு இரண்டு கோயில்களிலிருந்து ஆட்கள் வந்து சண்டை பிடித்தார்கள். பிறகு நான் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வோர் ஆளைத் தேடிப் பிடித்து எதிரில் இருத்தப் பழகிக்கொண்டேன். மீன் வாங்க வந்தவர், சந்தா கட்ட வந்தவர், துறைமுகத்துக் காவல்காரர் எல்லாரையும் கதிரையில் இருத்தினேன். என் படங்களில் திருகோணமலையே இருக்கிறது என்று பிற்காலத்தில் பெரியவர்கள் புகழ்ந்தது இதைத்தான். கலையில் என் முன்னேற்றம் முழுவதற்கும் ஒரு மேசையைத் திருப்பியதுதான் காரணம். கொழும்பில் பெரிய பத்திரிகைகளில் அதே பதவியில் இருந்துவிட்டு, கணினியிலும் வரைந்து பார்த்துவிட்டு, இப்போது மறுபடி இந்தத் துறைமுகத்துக்கே வந்துவிட்டோம்.

மேசையைத் திருப்பிச் சில நாட்கள் கழித்துக் குணரட்ணம் என் பக்கத்தில் வந்து நின்று, "கப்பல் தெரியேல்ல என்ன, கஷ்டம்தான்" என்றார். அவ்வளவுதான் எங்கள் காதல் வசனம்.

சுகந்தி அந்தப் படத்தைப் பார்த்தே வளர்ந்தாள். விபரம் தெரிந்த வயதில் தாய் எல்லாக் கதையும் சொல்லிவிட்டார், மானையும் சேர்த்து. ஆனாலும் படத்தை மாற்ற அவள் விடவில்லை. அவளுடைய கல்யாணத்தன்று காலை, என் கணவர் அவசரமாக அவர்களுடைய வீட்டுக்குள் நுழையும்போது வாசல் நிலையில் முட்டிக்கொண்டார். வலது புருவம் பிளந்து, தையல் போட்டுக் கட்டோடு வந்து நின்றார். சுகந்தி கூறைச்சேலையோடு படத்தைக் கும்பிட்டாள். பிறகு வந்து இவருடைய காலில் விழுந்தாள். எழும்பிப் புருவக் கட்டைப் பார்த்துவிட்டு, "இனி ஒருத்தரும் ஒண்டும் சொல்ல ஏலாது மாமா. தழும்பும் வந்திட்டுது" என்றாள். பாக்கியம் அக்கா கல்யாண வீடென்றும் பார்க்காமல் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் இவரும் அழுதோம்.

இப்போது இவருக்குத் தலை தானாகவே நரைத்துவிட்டது. நான் குடைக்கம்பியால் போட்ட சுருக்கங்கள் ஒன்றுவிடாமல் அந்தந்த இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. படத்துக்குப் பக்கத்தில் இவர் இருந்தால், புதிதாக வருகிறவர்கள் படத்துக்கு ஏற்றிய விளக்கையும் இவரையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். திவசம் கிட்டியதும் எங்கள் மகள், "அப்பா, உங்கட திவசம் வருது, சேட்டு அயன் பண்ணியாச்சோ?" என்று கேட்பாள். இந்த வருடமும் போனோம். இரண்டாம் தரமும் பாயாசம் வாங்கினார். சீனி வருத்தம் இருக்கிறதே என்று நான் கண்ணைக் காட்டினேன். அவர் சுகந்தியிடம் கிண்ணத்தை நீட்டியபடி, "நான் செத்ததுக்கு நானே வடிவாச் சாப்பிடாட்டி வேற ஆர் பிள்ளை சாப்பிடுறது?" என்றார்.